முதல் இடத்துக்குப் போன சவப்பெட்டிக் கடை

சேசு மரி சூசை துணை

ஜார்ஜ் டவுன்,
திருவருகைக் காலத்தின் முதல் வாரம்

அன்பும் அதற்குச் சற்றும் குறையாத மேதைத்தனமும் வாய்ந்த மச்சான் ஜெரமிக்கு,

இங்கே நானும் உன் அக்கா சவுந்தரமும் சுகமாக இருக்கிறோம். பத்து காவான் ஊரில் நீயும் உன் கணினியும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாட்ஸாப் இருக்கும்போது அத்தான் ஏன் தபாலில் எழுதுகிறார் என்று யோசிப்பாய். காகிதத்தில் யாரும் லிங்க் போட முடியாது. அந்த நிம்மதிக்காகத்தான்.

முதலில் என் நன்றி. ஈஸ்டர் விருந்தன்று ஆட்டுக்கறியைப் பாதியில் விட்டுவிட்டு என் கைப்பேசியைப் பிடுங்கிப் பார்த்து, "அத்தான், ஒங்க கடை கூகுள்ள நாலாவதாத்தான் வருது. இப்படி இருந்தா எப்படி லா? என்கிட்ட விடுங்க, மொத எடத்துல ஒக்கார வைக்கிறேன்" என்றாய். சவப்பெட்டி தேடுகிறவன் நாலாவது கடைவரைக்கும் பொறுமையாகப் பார்ப்பான், படுக்கப் போகிறவருக்கும் அவசரம் இல்லை என்று நான் சொன்னது உன் காதில் ஏறவில்லை. ஏறாதுதான். வாரக் கடைசியில் ஹோட்டலில் நடந்த இணைய விளம்பரப் பயிற்சியில் சான்றிதழ் வாங்கியவன் நீ. நான் என் அப்பா விட்டுப்போன கடையில் ஆட்களை அடக்கம் செய்துகொண்டிருப்பவன், எனக்கு என்ன தெரியும். மற்ற இணையதளங்கள் நம் தளத்துக்கு வழி காட்டினால் அதற்குப் பெயர் பேக்லிங்க், அது சிபாரிசு மாதிரி, சிபாரிசு சேரச் சேரக் கூகுள் நம்மைத் தூக்கி மேலே வைக்கும் என்று விளக்கினாய். பிறகு என் பிறந்தநாள் பரிசாக, முகம் தெரியாத எவனிடமோ ஆயிரக்கணக்கில் அந்தச் சிபாரிசுகளை வாங்கி என் கடையின் தலையில் கொட்டினாய். சட்டை எடுத்துக் கொடுத்திருந்தால் அளவு சரியில்லை என்று மாற்றியிருப்பேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும். கொஞ்ச நாள் முதல் இடத்தில்தான் இருந்தோம். உன் அக்கா அதைப் படம் பிடித்து மாதர் சபை முழுக்க அனுப்பினாள். அதன் பிறகு போன்கள் வரத் தொடங்கின. ஈப்போவிலிருந்து ஒருவன், "பாஸ், ஃப்ரீ ஸ்பின் குடுக்கிறீங்கன்னு போட்டிருக்கே, எங்க அமுக்கணும்?" என்று கேட்டான். இங்கே ஒரே சுற்றுதான் தம்பி, கோவிலிலிருந்து கல்லறைவரைக்கும், அதற்கும் நீங்கள் நடக்க வேண்டியதில்லை என்றேன். அடுத்து ஒரு அம்மாள், எங்கள் மூலிகை டீயைக் குடித்தால் எத்தனை நாளில் இளைக்கலாம் என்று விசாரித்தார். எங்களிடம் வந்த யாரும் பிறகு குண்டானதில்லை என்று மட்டும் சொல்லி வைத்தேன். அவர் ஆர்டர் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

ஜூன் மாதத்தில் ஒருநாள் நாங்கள் காணாமல் போனோம். பினாங்கில் சவப்பெட்டி என்று தட்டினால் கேக் பெட்டி விற்கும் மொத்த வியாபாரி முதலில் வந்தார். கடையின் முழுப் பெயரைத் தட்டியும் நாங்கள் வரவில்லை. மாடியில் வெப்சைட் செய்து கொடுக்கும் ஹரீஷ் இறங்கி வந்து பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் எங்கள் வாடிக்கையாளர்களின் முகம்போல ஆகிவிட்டது. "அங்கிள், ஒங்களுக்குச் சிபாரிசு பண்ணியிருக்கிறது எல்லாம் சூதாட்டக் கம்பெனி, மெலியிற மாத்திரை, அப்புறம்... ஆன்ட்டி கொஞ்சம் அந்தப் பக்கம் போனாங்கன்னா மிச்சத்தையும் சொல்லுவேன்" என்றார். காசு கொடுத்து வாங்கிய சிபாரிசு என்று கூகுள் கண்டுபிடித்து, தண்டனையாக நம்மைத் தேடலில் கீழே தள்ளிவிட்டதாம். சான்றிதழில் இந்தப் பாடம் இருந்ததா, அல்லது அந்த நேரம் டீ குடிக்கப் போயிருந்தாயா?

இந்த வேடிக்கையின் நடுவே ஒன்றைச் சொல்கிறேன். சிம்பாங் அம்பாட் இன்னாசியை உனக்குத் தெரியும். கோவிலில் எனக்குப் பக்கத்தில் நின்று வாழ்நாள் முழுவதும் சுருதி விலகிப் பாடியவர். ஆகஸ்டில் இறந்துபோனார். சிங்கப்பூரிலிருந்து ஓடி வந்த மகன் கைப்பேசியில் எங்கள் கடையைத் தேடியிருக்கிறான். கிடைக்கவில்லை, கடையை மூடிவிட்டார்கள் என்று நினைத்து வேறு ஆளைக் கூப்பிட்டுவிட்டான். நான் கடைசி வரிசையில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தேன். பெட்டியின் மேல் அவர் பெயரைப் பிழையாக எழுதியிருந்தார்கள். போய்த் திருத்த எனக்கு என்ன உரிமை. அன்று வீட்டுக்கு வரும் வழியில்தான் நானும் சவுந்தரமும், இந்த அசுத்தத்தைத் துடைத்தே தீருவது என்று முடிவு செய்தோம்.

லிங்க்கை எடுக்கும்படி ஒவ்வொரு தளத்துக்காரனுக்கும் எழுதிக் கேட்க வேண்டும் என்றார் ஹரீஷ். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பித்த உன் அக்கா, சூதாட்டக்காரர்களுக்கெல்லாம் மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கி, தாழ்மையுடன் என்று முடித்து எழுதினாள். ஒருவன் எடுப்பதற்குத் தனிக் கட்டணம் கேட்டான். இன்னொருவன் மேலும் லிங்க் வேண்டுமா, தள்ளுபடி உண்டு என்றான். மூலிகை டீக்காரன் ஒருவன்தான் மனிதன். கடிதத்தின் தலைப்பில் இறுதிச் சடங்கு என்று பார்த்ததும் வீட்டில் துக்கம் என்று எண்ணி, ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்து லிங்க்கையும் எடுத்துவிட்டான். உன் அக்கா அவன் பதிலில் எழுத்துப்பிழை திருத்தினாள், ஆனால் அனுப்பவில்லை.

மசியாதவர்களை என்ன செய்வது? இவர்கள் எங்களுக்கு உறவில்லை, இவர்கள் சொல்வதைக் கணக்கில் சேர்க்காதே என்று ஒரு பட்டியல் போட்டுக் கூகுளிடம் கொடுக்கலாமாம். திருமுழுக்கில் சாத்தானை விட்டுவிடுகிறேன் என்று சொல்வதுபோல ஒவ்வொரு பெயராக உரக்கப் படித்து நான் தட்டினேன். ஆவேசத்தில் கை நிற்கவில்லை. கொடுத்து முடித்த பிறகு ஹரீஷ் பார்த்து, "அங்கிள், மாதா கோயில் வெப்சைட்டையும் சேர்த்துத் தள்ளி வச்சிட்டீங்க லா. இருந்த ஒரே நல்ல சிபாரிசு அதுதான்" என்றார். திருச்சபையை எழுத்து மூலம் கைவிட்டதைப் பாவசங்கீர்த்தனத்தில் எந்தக் கட்டளையின் கீழ் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும், எல்லாம் தெரிந்தவன். பட்டியலைத் திருத்திக் கொடுத்தோம். பிறகு கூகுளுக்கு மன்னிப்பு மனு. உன் அக்கா எழுதிய முதல் மனு போதாது என்று திரும்பி வந்தது. அவள் எழுதியது திரும்பி வந்தது கல்யாணமான நாளிலிருந்து இதுதான் முதல் தடவை, அந்த வாரம் சமையலில் உப்பு இல்லை. இரண்டாவதை ஏற்றுக்கொண்டார்கள்.

இப்போது மெல்ல ஏறி மறுபடியும் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டோம். ஆனால் போன்தான் அடிக்கவில்லை. ஊரில் சாவே இல்லையா என்றால், தினம் பத்திரிகையில் படங்கள் வருகின்றன. ஆக, நீ கெடுத்த பெயர் கூகுளைத் தாண்டி ஜனங்களின் மனதிலும் இறங்கிவிட்டது என்பது தெளிவு. அதனால் கண்டிப்பாகச் சொல்கிறேன். இனி என் தளத்தை நீ ஏறிட்டும் பார்க்கக் கூடாது. கிறிஸ்துமஸுக்கு வா, வயிறாரச் சாப்பிடு, கைப்பேசியை வாசலில் செருப்போடு விட்டுவிடு.

உன் காவல் தூதர் உன்னை, குறிப்பாக உன் வலது கை ஆள்காட்டி விரலை, எப்போதும் பிடித்துக்கொள்ளட்டும். அக்காவின் முத்தங்கள்.

இப்படிக்கு,
உன்னால் புகழடைந்த அத்தான்
மைக்கேல்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது சிம்பாங் அம்பாட்டில் மெத்தைக் கடை வைத்திருக்கும் ஷேக் அலாவுதீன் என்பவர் நம் மாதா கோவிலில் விசாரித்து என் நம்பரை வாங்கிக் கூப்பிட்டார். "அண்ணே, ஒங்க கஸ்டமருங்க எல்லாம் எனக்குப் போன் பண்றாங்க. ஒங்க வெப்சைட்ல என் நம்பர்தான் இருக்கு. நேத்து ஒரு அம்மா, ஆறடி ஆளுக்கு வேணும், உள்ள மெத்துன்னு இருக்கணும்னாங்க. குயின் சைஸா கிங் சைஸான்னு கேட்டேன், அழுதுட்டாங்க" என்றார். பார்த்தேன். ஒரு எண் மாறியிருக்கிறது. ஜூனில், உன் எழுத்து ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று முகப்புப் பக்கத்தை நானே புதிதாகத் தட்டியபோது ஏழுக்குப் பதில் ஒன்று போட்டிருக்கிறேன். உன் அக்கா இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு, அனுப்பு, அப்படியே அனுப்பு என்கிறாள். கிறிஸ்துமஸ்வரை காத்திருக்காதே, ஞாயிற்றுக்கிழமையே கைப்பேசியோடு வா. அலாவுதீன் உன்மேல் ஒரே மதிப்பாக இருக்கிறார். இவ்வளவு போன் வர வைத்த கெட்டிக்காரர் யார், என் மெத்தைக் கடைக்கும் செய்வாரா என்று கேட்டார். உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். இரண்டு தடவை சரிபார்த்துக் கொடுத்தேன்.