அட்டை இருந்தால் அனுமதி

ஓர் இசைப் பத்திரிகைக்கு அட்டை இன்றியமையாதது. அந்த அட்டை துவண்டு விழாமல் நிமிர்ந்து நிற்பதற்காக உள்ளே சில பக்கங்கள் வைக்கப்படுகின்றன. இந்த உண்மை இசை வளர்ச்சி வாரியத்தில் எல்லோருக்கும் தெரியும். வாரியப் பத்திரிகையின் உதவி ஆசிரியனாக அந்தச் சில பக்கங்களை எழுதி நிரப்பிவந்த எனக்கு மட்டும் தெரிய வெகுகாலம் பிடித்தது.

என் அண்ணி புல்லாங்குழல் வாசிப்பவர். அவர் வாசித்தால் கையிலுள்ள காபி ஆறுவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருப்பேன். ஆனால் மாதாமாதம் அவர் வாசிப்பது வாரிய அரங்கத்தின் பக்கவாட்டுக் கூடத்தில். அது வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டியது. உருக்கமான இடம் வரும்போதுதான் எவனாவது வண்டியைப் பின்னால் எடுப்பான். பெரிய மேடை கேட்டு எழுதினார் அண்ணி. "பிரதான மேடையின் கண்ணியத்தைக் கருத்தில்கொண்டு, பத்திரிகை அட்டையில் இடம்பெற்ற கலைஞர்களுக்கே அது ஒதுக்கப்படும்" என்று பதில் வந்தது. அட்டைக்குக் கேட்டால், "பெரிய மேடையில் வாசித்தவரா?" என்றார்கள்.

"மேடைல வந்தாதான் அட்டை, அட்டைல வந்தாதான் மேடைன்னா நான் எங்க தம்பி வாசிக்கறது?" என்று அண்ணி கேட்டார். வண்டி நிறுத்துமிடத்தில்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த நேரத்தில்தான் வாரியம் வாசகர்களை இழுப்பதற்காக ஈர்ப்பு அலுவலர் என்று ஒருவரை நியமித்தது. பத்திரிகை விற்காததற்குக் காரணம், அதன் அட்டையில் இசைக் கலைஞர்கள் பாடுவதும் வாசிப்பதுமாக இருப்பதுதான் என்று வந்த வேகத்தில் கண்டுபிடித்தார். "புது முகம் வேணும். மேடை கீடை எதுவும் பாக்காதீங்க" என்றார். நான் நைசாக அண்ணியின் படத்தை மேசையில் நகர்த்தினேன்.

படப்பிடிப்பு அறையில் அண்ணி உட்கார்ந்து, கண்ணை மூடி, குழலை எடுத்தார்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. கண்ணைத் தொறங்கம்மா" என்றார் அலுவலர். "வாசகரைப் பாக்காத கண்ணை வாசகர் எதுக்குப் பாக்கணும்?"

"கண்ணை மூடினாத்தான் சார் எனக்கு வாசிக்க வரும்."

"இங்க யாரும்மா உங்களை வாசிக்கச் சொன்னது?"

அடுத்த சிக்கல் குழலால் வந்தது. அது வாயை மறைத்தது. தோளில் வைத்துப் பார்த்தார்கள், அடுப்பு ஊதப் போகிறவர் மாதிரி இருந்தது. மடியில் வைத்தால் கண்ணுக்கே தெரியவில்லை. கடைசியில் குழல் கலைக்குத் தடையாக இருப்பதாக முடிவாகி, அகற்றப்பட்டது. வெறுங்கையாக இருந்தால் இசைக் கலைஞர் என்று எப்படித் தெரியும்? ஒரு கிடாரை வரவழைத்தார்கள்.

"எனக்குக் கிடார் வாசிக்கத் தெரியாதே சார்" என்றார் அண்ணி.

"படத்துல சத்தம் வராதும்மா. தைரியமாப் பிடிங்க."

கூந்தல் பறப்பதற்காக ஒரு மின்விசிறியைக் காலடியில் வைத்தார்கள். கேமராவை முறைக்கவும் வேண்டுமாம். சிரிக்கிற கலைஞர்களை இப்போதெல்லாம் யாரும் மதிப்பதில்லை. அண்ணிக்கு முறைக்க வரவில்லை. "உங்க வீட்டுக்காரரை நெனச்சுக்கங்க" என்று யோசனை சொன்னார் புகைப்படக்காரர். உடனே வந்துவிட்டது.

பிறகு அட்டை வாசகங்கள். 'அன்று மேடையில் நடந்தது என்ன?' என்று மஞ்சள் எழுத்தில் போட்டார் அலுவலர்.

"என்ன நடந்தது சார்?" என்றேன்.

"ஒண்ணும் நடக்கல. என்ன நடந்ததுன்னு நாம கேள்விதானே கேட்டிருக்கோம்?"

'யாரிடமும் சொல்லாத ரகசியம்!' என்று கீழே இன்னொன்று.

"அண்ணிக்கு அப்படி ரகசியம் எதுவும் இல்லையே சார்."

"உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல."

"பாத்தீங்களா!"

அண்ணியைப் பற்றி நான் எழுதிய கட்டுரையை அவர் படிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். கையில் வாங்கி, கட்டை விரலால் அழுத்தி, "தடிமன் சரியா இருக்கு" என்றார். அதில் என் மனசையே கொட்டியிருந்தேன். மூச்சை எங்கிருந்து எடுக்கிறார், எப்படிப் பிடித்து நிறுத்துகிறார், வண்டிச் சத்தத்தின் நடுவே பக்கவாட்டுக் கூடத்தில் எப்படி வாசிக்கிறார் என்று எல்லாமே இருந்தது.

அச்சாகி வந்த அட்டையில் அண்ணியின் மூக்கைச் சீவி, கன்னத்தை ஒடுக்கி, வயதில் பாதியைக் கழித்திருந்தார்கள். வீட்டில் அண்ணன் அதை எடுத்துப் பார்த்தார். "யாருடா இது? லட்சணமா இருக்காங்களே!" என்றார். அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. மறுநாள் சமாதானமாக, அண்ணனே அந்த அட்டைக்குச் சட்டம் போட்டு மாட்டினார். உள்பக்கங்கள் சட்டத்துக்குள் நுழையாததால் பழைய பேப்பரோடு போய்விட்டன.

பத்திரிகை சக்கைப்போடு போட்டது. கடைகளில் கேட்டால் இல்லை என்றார்கள். கட்டுரை நெஞ்சை உருக்கிவிட்டதாகக் கடிதங்கள் குவிந்தன. வாரியத் தலைவரே தொலைபேசியில் அழைத்து, "வரி விடாமப் படிச்சேன். நடுவுல ஒரு இடத்துல எனக்குக் கண்ணு கலங்கிடுச்சுப்பா" என்றார். அண்ணிக்குப் பெரிய மேடை கிடைத்தது. நான் தரையில் நடக்கவில்லை.

அப்போதுதான் தண்ணீர் மோட்டார் கம்பெனி மேலாளர் ஒருவர் எங்கள் அலுவலகத்துக்குள் புயலாக நுழைந்தார். மோட்டாரோடு கொடுக்கும் விளக்கப் புத்தகத்தை மேசையில் அடித்தார். மேலே மோட்டார் படம். உள்ளே பார்த்தால், நான் கட்டுரையோடு கொடுத்த படத்தில் என் அண்ணி குழலும் கையுமாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"தண்ணி வரலன்னு மோட்டார் வாங்கினவங்க புத்தகத்தைத் தொறந்தா, மூச்சை அடிவயித்துல இருந்து எடுக்கணும்னு போட்டிருக்கு! ஒருத்தர் மோட்டார் பக்கத்துல உக்காந்து மூச்சு விட்டுப் பாத்திருக்காருங்க!"

இரண்டையும் அச்சிட்டது ஒரே அச்சகம். அட்டை மாற்றி ஒட்டிவிட்டார்கள். நாங்கள் எங்கள் பத்திரிகையைத் திறந்தோம். வெளிவந்த பிறகு அலுவலகத்தில் அதை யாரும் திறந்தது அதுவே முதல் முறை. மோட்டாரைக் கழற்றும் முறை, மாட்டும் முறை, நடுப்பக்கத்தில் வாஷர் மாற்றும் முறை. தலைவர் கண் கலங்கிய இடம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"உங்களுக்குப் புகார் வந்ததா?" என்று அலுவலர் மேலாளரைக் கேட்டார்.

"மூட்டை மூட்டையா!"

"எங்களுக்கு ஒண்ணுகூட வரல. அப்ப தப்பு உங்க புத்தகத்துலதான்."

மேலாளர் தன் புத்தகத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். 'உள்ளடக்கம் மாறியதால் வாசகர் அனுபவத்துக்கு எவ்விதப் பாதிப்பும் இல்லை' என்று கோப்பில் குறிப்பு எழுதப்பட்டது. அண்ணியிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பாவம், மேடைக்காக ராப்பகலாகச் சாதகம் செய்துகொண்டிருந்தார்.

கச்சேரிக்கு ஈர்ப்பு அலுவலர் புதுத் திட்டம் ஒன்று போட்டார். அட்டை இருந்தால் அனுமதி இலவசம், இல்லாவிட்டால் அனுமதியே இல்லை. கூட்டம் முண்டியடித்தது. வாசலில் நின்ற ஊழியர் ஒவ்வொரு பத்திரிகையிலிருந்தும் அட்டையைக் கிழித்து வாங்கிக்கொண்டு, மிச்சத்தைக் கூடையில் எறிந்தார்.

நான் சுற்றிக்கொண்டு போனபோது, பூட்டிய பக்கவாட்டுக் கூடத்தின் படியில் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் கையிலும் மோட்டார் புத்தகம்.

"அம்மா இங்கதானே வாசிப்பாங்க? புத்தகத்துல போட்டிருந்துதே" என்றார் ஒரு மீசைக்காரர். "தண்ணி வரலங்கற கோவத்துலதான் படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதும் ஒரு தடவையாவது கேட்டுறணும்னு ஆயிருச்சு."

எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. நான் எழுதியதை யாரோ படித்திருக்கிறார்கள்! எல்லோரையும் வாசலுக்கு அழைத்துப் போனேன்.

"அட்டை எங்க?" என்றார் ஊழியர்.

மீசைக்காரர் நீட்டினார்.

"இதுல மோட்டார்தானே இருக்கு?"

"உள்ள பாருங்க. முழுக்க அம்மாவைப் பத்திதான்."

"உள்ள இருக்கறது செல்லாதுங்க."

"நான் பத்திரிகையோட உதவி ஆசிரியர். மேடைல வாசிக்கறவங்களோட கொழுந்தன்" என்று நான் குறுக்கிட்டேன்.

"சந்தோஷம் சார். உங்க அட்டை எங்க?"

என் அட்டை வீட்டுச் சுவரில் இருந்தது. ஆகவே நாங்கள் எல்லோரும் வண்டி நிறுத்துமிடத்தில் சுவரோரம் நின்றோம். உள்ளே அண்ணி வாசிக்கத் தொடங்கினார். எந்த வண்டியும் அசையவில்லை. மீசைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது பாட்டு மேலேறி, இதோ இறங்கப்போகிறது என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தபோது, குழல் நின்றது. கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

"முடிஞ்சிருச்சா?" என்றார் மீசைக்காரர்.

நான் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அண்ணி குழலைக் கீழே இறக்கிவிட்டு, அட்டையில் முறைத்த மாதிரியே கூட்டத்தை முறைத்துக்கொண்டிருந்தார். எல்லாக் கையும் உயர்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தது.

"இல்லீங்க. இதைப் பாக்கத்தான் வந்திருக்காங்க."

கச்சேரி முடிவதற்குள் மீசைக்காரர் வாசல் கூடையில் கிடந்ததைக் குனிந்து பார்த்து, "அட, நம்ம மோட்டார் பக்கம்!" என்று கூவினார். ஆளுக்கொன்று எடுத்து மடித்து வைத்துக்கொண்டார்கள்.

அண்ணி வெளியே வந்தார். மீசைக்காரர் தயங்கித் தயங்கி அருகில் போனார்.

"அம்மா, ரெண்டாவது பாட்டு பாதில நின்னுருச்சு. மீதியை இங்க வாசிக்கறீங்களா? வண்டி எதையும் எடுக்க விடமாட்டோம்."

அண்ணியின் கை குழல் பைக்குப் போனது. அதற்குள் படிக்கட்டிலிருந்து ஈர்ப்பு அலுவலர், "மேடம்! தலைவர் உங்களோட படம் எடுத்துக்கணுமாம்!" என்றார்.

"ரெண்டு நிமிஷம் இருங்க, இதோ வந்துடறேன்" என்று மீசைக்காரரிடம் சொல்லிவிட்டு அண்ணி ஓடினார். தலைவரோடு படம் என்றால் சும்மாவா? நானும் பின்னாலேயே ஓடினேன்.

திரும்பி வந்தபோது இடம் காலியாக இருந்தது. அண்ணி அங்குமிங்கும் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"யாரு தம்பி அவங்கெல்லாம்?"

"மோட்டார் வாங்கினவங்க அண்ணி."

"அப்படியா! நான் நம்ம வாசகர்களைக் காக்க வெச்சுட்டேனோன்னு பயந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, அண்ணி நிம்மதியாக வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.