தொண்ணூற்றிரண்டு கிலோவைத் தூக்கிய கூடாரம்

காலை ஐந்து மணி ஐம்பத்திரண்டு நிமிடம். கேமரா வழியாக நான் முதலில் பார்த்தது, மணலுக்கும் கூடாரத்துக்கும் நடுவே இருந்த வெளிச்சத்தை. ஒரு முழ உயரம் இருக்கும். அந்த இடைவெளியில் பாதி எழுந்த சூரியன் தெரிந்தது. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், நான் அப்போதும் படம் எடுத்துக்கொண்டிருந்ததுதான். (மொத்தம் மூன்று படங்கள். மூன்றாவதில் கூடாரம் இல்லை.)

அப்போது நான் ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் உதவி ஆசிரியர். முதுகுப்பையோடு நடப்பவர்களுக்கு எடை குறைந்த நவீனக் கூடாரங்களால் என்ன நன்மை என்று ஒரு முழுப்பக்கக் கட்டுரை எழுதியிருந்தேன். ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். கட்டுரையை ஒரு மாதத்துக்கு முன்பே எழுதி முடித்துவிட்டேன். கூடாரத்தில் படுத்துப் பார்ப்பதுதான் பாக்கி.

எழுதியதில் பொய் எதுவும் இல்லை. எடை ஒன்றரை கிலோவுக்கும் குறைவு. சுருட்டினால் முதுகுப்பையின் ஓரத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் போல உட்கார்ந்துகொள்ளும். வளையும் அலுமினியக் கம்பிகள் இரண்டு. ஐந்து நிமிடத்தில் வீடு தயார். துணி கையில் பட்டால் வெங்காயச் சருகு போல இருக்கும், ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் புகாது. உள்ளே இருப்பவர் இன்னொருவரை மிதித்துக்கொண்டு வெளியே போகாமலிருக்க எதிரெதிரே இரண்டு வாசல். பழைய கித்தான் கூடாரங்களைத் தூக்கிச் சுமந்த தலைமுறையை நினைத்து அந்தக் கட்டுரையில் நான் உண்மையிலேயே கண் கலங்கியிருந்தேன்.

துணைக்கு என் மனைவி கலாவின் அண்ணன் சேகரை அழைத்துப் போனேன். அபிராமத்தில் விவசாய மோட்டார் பழுது பார்ப்பவர். எடை தொண்ணூற்றிரண்டு கிலோ. சாயல்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து ஏர்வாடி வரை இரண்டு நாள் நடப்பதாகத் திட்டம். முதல் நாள் சாயங்காலம் ஒரு மீனவ ஊரில் அனுமதி கேட்டோம். ஊர்ப் பெரியவர்களில் ஒருவரான சீனி காக்கா (அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்), மீன்பிடி வள்ளம் வைத்திருப்பவர், கூடாரத்தை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் பருவம் என்றும், நாலு சாக்கில் மணலை நிரப்பிக் கட்டிப் புதைக்காமல் இந்தக் கரையில் எதுவும் நிற்காது என்றும் சொன்னார். சாக்கு மூட்டைகள் படத்தைக் கெடுத்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. கூடாரத்தோடு வந்த, பென்சில் அளவு முளைகளைக் காட்டி அவற்றின் சிறப்புகளை விளக்கினேன். அவர் கடைசிவரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

இரவு முழுக்கக் கூடாரம் அசையவில்லை. அதை முளைகளின் வெற்றி என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

விடியும்போது நான் கேமராவை எடுத்துக்கொண்டு மேற்கு வாசல் வழியாக வெளியே போய், ஜிப்பை மூடிவிட்டு, ஐம்பது அடி தள்ளி நின்றேன். நான் முதுகைக் காட்டி நடந்த நேரத்தில் சேகர் மச்சான் கிழக்கு வாசலைத் திறந்து மூடிக்கொண்டு, ஒரு பாட்டில் தண்ணீரோடு, உடைமரங்களின் பக்கம் போயிருக்கிறார். எனக்குத் தெரியாது. அவர் தூங்குகிறார் என்றே நினைத்தேன்.

கூடாரம் எழுந்தது. அவசரமே இல்லை. மணலில் ஒருமுறை தொட்டு, மறுபடி எழுந்து, அலைகளைத் தாண்டிக் கடலில் போய் உட்கார்ந்தது. முழுகவில்லை. தண்ணீர் புகாத துணி அல்லவா, உள்ளே இருந்த காற்றும் வெளியே வரவில்லை. சூரியன் பின்னால் இருந்ததால் அது முழுவதும் ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. கடல் அப்போதுதான் ஏற்றி வைத்த விளக்கு மாதிரி இருந்தது. அதைவிட அழகான ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் மைத்துனர் அதற்குள்ளே போய்க்கொண்டிருக்கிறார் என்ற நினைப்போடுதான் இதைப் பார்த்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

“மச்சான் உள்ள இருக்காரு” என்று கத்தினேன்.

சீனி காக்கா வள்ளத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என்னைத் தோளைப் பிடித்து வள்ளத்துக்குள் போட்டார் (போட்டார் என்பதுதான் சரியான வினைச்சொல்). அடுத்த நிமிடம் எஞ்சின் ஓடியது. முன்னால் கூடாரம் அலைக்கு அலை தாவிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதைக் கவனித்துவிட்டுக் கேட்டார்.

“அவரு என்னா கனம் இருப்பாரு, தம்பி?”

“தொண்ணூத்தி ரெண்டு கிலோ.”

“ஆளு உள்ள இருந்தா இது இப்படித் துள்ளாதே.”

“இது நவீனக் கூடாரம், காக்கா. கனமே தெரியாது.”

இந்த வாக்கியத்தை நான் சொன்னேன். நடுக்கடலில், முழுப் பிரக்ஞையோடு, ஒரு பட்டதாரி. கட்டுரையில் எழுதியதை எல்லாம் உலகத்தில் ஒரே ஒருவன் முழுதாக நம்பியிருந்தான்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை. “உள்ள இல்லன்னா வழியில விழுந்திருக்கணும்” என்றார். நான் அப்போதுதான் பின்னால் திரும்பித் தண்ணீரைப் பார்த்தேன். அவர் போனை எடுத்துக் கடலில் இருந்த மற்ற வள்ளங்களுக்குச் சொன்னார். இரண்டே வார்த்தை: ஆளக் காணோம். தூரத்தில் புள்ளிகளாக இருந்த வள்ளங்கள் ஒவ்வொன்றாகத் திரும்புவதைப் பார்த்தேன். பத்து எண்ணினேன். எங்களோடு பதினொன்று. இவ்வளவு தூரம் இடைவெளி விட்டு இவ்வளவு வரிசையாக அவர்கள் கடலைப் பங்கு போட்டுக்கொண்டதை யாரும் யாருக்கும் விளக்கியதாகத் தெரியவில்லை.

கூடாரத்தைப் பிடித்து, ஜிப்பைத் திறந்தோம். இரண்டு பாய், மச்சானின் சட்டை, அவர் போன். எல்லாம் நனையாமல் இருந்தன. போன் அடித்துக்கொண்டிருந்தது. கலா.

“அண்ணன் போன நீங்க ஏன் எடுக்கீங்க? அண்ணன் எங்கன?”

இரண்டு இடத்தில் உறுதி செய்யாமல் எந்தச் செய்தியையும் வெளியிடக் கூடாது என்பது எனக்குக் கற்பிக்கப்பட்ட பாடம். “கூடாரத்துல இல்ல” என்றேன்.

“என்ன எரைச்சலு? நீங்க எங்கன இருக்கீங்க?”

“கடல்ல.”

போன் துண்டித்துப் போனது. திரும்பக் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. பத்து நிமிடம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்த தடத்திலேயே திரும்பினோம். மிதந்த ஒவ்வொரு பாசிக் கொத்தும் எனக்கு ஒரு தலையாகத் தெரிந்தது. கலாவின் பிறந்த வீட்டுக்குள் எப்படி நுழைவேன் என்று நினைத்தேன். பிறகு அதையும் நினைக்க முடியவில்லை.

அப்போது கரையிலிருந்து சீனி காக்காவுக்கு போன் வந்தது. இடுப்பில் துண்டு மட்டும் கட்டிய ஒருவர் கரையில் உட்கார்ந்து, தன் தங்கை புருஷன் கூடாரத்தோடு கடலுக்குப் போய்விட்டான் என்று அழுகிறாராம்.

“கனமா இருக்காரா?” என்று கேட்டார் காக்கா.

கனமாகத்தான் இருந்திருக்கிறார். காக்கா எஞ்சினை நிறுத்தினார். “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். பிறகு மற்ற வள்ளங்களுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்கும்வரை என் பக்கம் திரும்பவில்லை. நான் அழுததை அவர் பார்க்க விரும்பவில்லை என்று நினைக்கிறேன்.

கரையில் மச்சான் என்னைக் கட்டிப் பிடித்தார். அதே பிடியில் முதுகில் நாலு அடி அடித்தார்.

“ராத்திரி பூரா அத அமுக்கிப் பிடிச்சுக் கெடந்ததே நான்தான். நான் உள்ள இருந்தா அது பறக்குமாலே?”

கல்யாணமாகி ஆறு வருடத்தில் மாப்பிள்ளையை அவர் ‘லே’ போட்டு அழைத்தது அந்த ஒரு முறைதான். கரையில் கூடியிருந்த பெண்களில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. நானும் சிரித்தேன்.

இன்றுவரை நான் எந்தப் பொருளை வாங்கி வந்து புகழ்ந்தாலும், மிக்ஸியோ மின்விசிறியோ, கலா ஒரே கேள்விதான் கேட்பாள்: “எங்கண்ணனத் தூக்குமா?” திருவாடானையில் எங்கள் சொந்தத்தில் நடக்கும் ஒவ்வொரு காதுகுத்திலும் இந்தக் கதை இலை போடுவதற்கு முன் ஒரு தடவை, போட்ட பின் ஒரு தடவை சொல்லப்படும். ஒவ்வொரு வருடமும் கூடாரம் இன்னும் கொஞ்சம் உயரத்தில் பறக்கிறது.

வீட்டுக் கதையில் வராத பகுதி ஒன்று உண்டு. வள்ளங்கள் கரையேறிய பிறகு, வலையைக் கடலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்களே, இன்னும் நேரம் இருக்கிறது, திரும்பப் போகலாமே என்று சீனி காக்காவிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னேன்.

“ஆளத் தேடிப் போன அன்னிக்கித் தொழிலுக்குப் போறதில்ல, தம்பி. ஆளு கெடச்சாலும் சரிதான், கெடைக்காட்டியும் சரிதான். வாங்க, டீ குடிப்போம்.”

அன்று அந்த ஊரில் யாரும் மீன் பிடிக்கவில்லை.