வாசலில் நின்றால் தெரியும் கடல்

மாப்பிள்ளை வீட்டார் பஸ் இறங்கி நடந்து வந்துகொண்டிருந்தார்கள். இங்கே பெரியப்பா நல்லகண்ணு இன்னும் சம்மதிக்கவில்லை.

"ஏலே வெள்ளத்துரை, கடலோரக் காவல்படைன்னா போலீஸ்தான? என்னைய லத்தியால அடிச்ச கூட்டத்துக்கா பிள்ளையக் குடுக்கப்போற?"

தம்பி வெள்ளத்துரைக்கும் அது என்ன படை என்று தெரியாது. அவர் மகள் முருகம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். சங்கரன்கோவிலில் அந்தத் தெருவின் முதல் பி.ஏ. அவள்தான்; படித்து என்ன, கடலைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். கல்லூரியில் திருச்செந்தூருக்கு டூர் போனபோது, பொம்பளப் பிள்ளைக்குக் கடல் எதற்கு என்று அப்பா நிறுத்திவிட்டார். இந்த வரன் வந்த நாளிலிருந்து, அலைச் சத்தம் எப்படியிருக்கும் என்று யோசித்தபடியேதான் தூங்குகிறாள். நூலகத்துப் பேப்பரில் அந்தப் படையைப் பற்றி வந்ததையெல்லாம் படித்துவைத்திருந்தாள்.

"போலீஸ் இல்ல பெரியப்பா. கடலைக் காக்குத படை. எழுபத்தெட்டுலதான் புதுசா ஆரம்பிச்சிருக்காவ."

"படையா? சண்டை வந்தா உன் தாலி என்னட்டி ஆகும்?"

"சண்டைக்கு நேவி இருக்கு. இவங்க கள்ளக்கடத்தலைப் பிடிப்பாவ."

பெரியப்பா முகம் மலர்ந்தது. "கஸ்டம்ஸ்னு முதல்லயே சொன்னா என்ன? எனக்கு ஒரு ஃபாரின் வாட்ச் எடுத்துவைக்கச் சொல்லு."

"பிடிச்சதை ஒப்படைச்சிருவாவ. புயல்ல மாட்டுன மீன்காரங்களையும் காப்பாத்துவாவ."

"தண்ணிக்குள்ள ஃபயர் சர்வீஸா?"

"கடல்ல எண்ணெய் கொட்டுனா அதையும் சுத்தம் பண்ணுவாவ."

பெரியப்பா துண்டை உதறி எழுந்தார். "கூட்டிப் பெருக்குத வேலையும் உண்டா? ஒரு சம்பளத்துக்கு இத்தனை வேலை பாக்கவன் வீட்டுக்கு எப்பட்டி வருவான்?"

"அவர் வர வேண்டாம். நான் அங்கன போறேன். கட்டுனா இவரைத்தான். கோமதியம்மன் மேல சத்தியம்."

அம்மன் மேல் சத்தியம் செய்துவிட்டால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. பெரியப்பா உட்கார்ந்துவிட்டார்.

வந்து உட்கார்ந்த மாப்பிள்ளை ஆவுடையப்பன் காப்பித் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். வெற்றிலைத் தட்டு மாற்றியாயிற்று. அவன் தங்கை முருகம்மாளுக்குப் பூ வைத்துவிட வந்தாள்.

முருகம்மாள் அவள் காதருகே கேட்டாள். "உங்க அண்ணன் இருக்க இடத்துல, வாசல்ல நின்னா கடல் தெரியுமா?"

"அந்தப் பேச்சை எடுத்திராதீங்க மதினி. கப்பல்ல ஏறுனாலே அண்ணனுக்கு வாந்தி. போன மாசந்தான் மெடிக்கல்ல கழிச்சு வேலைய விட்டே அனுப்பிட்டாவ. கடலே இல்லாத ஊராப் பாத்துப் பொண்ணு எடுங்க, அங்கனயே கிடந்துக்கிடுதேன்னு அவன் சொல்லித்தான உங்க ஊருக்கே வந்தோம்."