கண்டிகைத் தோப்பில் தனி வெந்நீர்த் தொட்டி

முருகன் துணை

திருத்தணி,
ஆடிக் கிருத்திகை கழிந்த வெள்ளிக்கிழமை.

சௌபாக்கியவதி பத்மாவுக்கு உன் ஆயா கன்னியம்மாள் மனசார ஆசீர்வாதம் செய்து எழுதுவது. மாப்பிள்ளை இளங்கோவன் அவர்களை நாங்கள் மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும். இங்கே நான் சுகம், மாடு சுகம், தறி எல்லாம் நன்றாக ஓடுகிறது. உன் தாத்தாவும் சுகம்தான், ஆனால் வேறு நிறத்தில் சுகமாக இருக்கிறார். அதை முறையாகப் பின்னால் எழுதுகிறேன். இப்போதே எழுதினால் நீ பதறிப்போய் மீதியைப் படிக்க மாட்டாய்.

உன் கடிதம் வந்தது. ஆவணியில் கல்யாண நாள் வருகிறது, அதற்கு நீயும் மாப்பிள்ளையும் ஏற்காடு போகப் போகிறீர்கள், அங்கே காப்பித் தோட்டத்து நடுவில் எந்தக் காலத்திலோ வெள்ளைக்காரன் கட்டின தனி பங்களா இருக்கிறது, இப்போது அதை லாட்ஜு மாதிரி வாடகைக்கு விடுகிறார்கள், பின்பக்கம் இரண்டு பேர் உட்காருகிற மாதிரி வெந்நீர்த் தொட்டி இருக்கிறது, அது உங்களுக்கு மட்டும்தானாம், கழுத்து மட்டும் மூழ்கி உட்கார்ந்து மலையைப் பார்க்கலாமாம், மாப்பிள்ளையின் மேனேஜரே போய்விட்டு வந்து சொன்னாராம் என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு நான் ஒன்றும் சொல்லவில்லை. பொழுது சாய்கிற வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் சொன்னதெல்லாம் தெருவுக்கே தெரியும், உனக்கு எதற்கு.

ஏன் பத்மா, தலை தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்றாய். பொங்கலுக்கு உன் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றாய். பங்குனியில் வருகிறேன் என்றவள் அதையும் மறந்துவிட்டாய். நான் ஒவ்வொரு தடவையும் அதிரசத்துக்குப் பாகு காய்ச்சி, அதை உன் தாத்தாவே தின்று தீர்த்து, அவர் இடுப்பில் வேட்டி நிற்காத அளவுக்கு வந்துவிட்டார். இப்போது மலை பார்ப்பதற்கு ஏற்காடு போகிறாயாம். இந்த ஊரில் மலைக்குப் பஞ்சமா? சூரனோடு சண்டை போட்ட கோபம் தணிய முருகனே வந்து உட்கார்ந்த மலை. வள்ளியைக் கல்யாணம் கட்டிக்கொண்டு அவர் குடியிருப்பதும் இதே மலையில்தான். அவருக்கு ஏற்காடு தேவைப்படவில்லை. அந்தத் தொட்டியைப் பற்றியும் யோசித்துப் பார்த்தேன். உங்களுக்கு முன்னால் அதில் யார் யார் உட்கார்ந்தார்களோ, அந்த மேனேஜர் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாரோ, நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் நான் ஒரு ஏற்பாடு செய்தேன். கே.ஜி.கண்டிகைக்குப் பக்கத்தில் நம் மாந்தோப்பில் மோட்டார் ரூமை ஒட்டி ஒரு அறை இருக்கிறதே, அதைக் காலி செய்து, சுண்ணாம்பு அடித்து, தரையைச் சாணி போட்டு மெழுகி, நம் தறியில் நெய்த புதுச் சேலையைக் கிழித்து ஜன்னலுக்குத் திரை கட்டினேன். கட்டில், கொசுவலை, மண் பானையில் தண்ணீர், மாப்பிள்ளை முகம் பார்க்கக் கண்ணாடி, எல்லாம் வைத்தாகிவிட்டது. இதைப் பார்க்க வந்த என் ஓரகத்தி கௌரியம்மாள், அவள் வாய் உனக்குத் தெரியுமே, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இன்னாக்கா, லாட்ஜுன்னியே, லாட்ஜுன்னா வாசல்ல போர்டு இருக்கும்ல?" என்று கேட்டாள். உடனே தேசப்பனைக் கூப்பிட்டேன். நம்மிடம் ஆதியிலிருந்து நூலுக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தானே, அவன்தான். ஒரு பலகையில் "தனி இடம். அன்னியர் உள்ளே வரக் கூடாது" என்று எழுதச் சொல்லி மாட்டினேன். கௌரியம்மாள் அதைப் படித்துவிட்டு, "அப்ப நான் வர்லாம், நான் ஒறவு" என்று சொல்லி உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்தது தொட்டி. தோப்புக் கிணற்றடியில் நம் சாயத் தொட்டி இருக்கிறது அல்லவா, நெசவாளர் சங்கத்திலேயே சாயம் போட்ட நூலைக் கொடுக்க ஆரம்பித்த பிறகு அது சும்மாதான் கிடக்கிறது. போன கோடையில் அதில் கோழி அடை காத்தது. ஆனால் அளவைப் பார்த்தால் அடடா, இரண்டு பேர் எதிரும் புதிருமாகக் கால் நீட்டி உட்காரலாம். பக்கத்திலேயே சாயம் காய்ச்சுகிற அடுப்பும் செப்புக் கொப்பரையும் இருக்கின்றன. எதிரே பார்த்தால் மலையும் கோபுரமும் தெரிகின்றன. வெள்ளைக்காரன் இதைத்தானே கட்டினான்? தேசப்பனும் நானும் செங்கல் தூளும் புளியும் போட்டுத் தேங்காய் நாரால் அந்தத் தொட்டியைத் தேய்த்த தேய்ப்பில் எனக்குத் தோள் பட்டை கழன்றுவிட்டது. கிணற்றுத் தண்ணீரை நிரப்பிப் பார்த்தோம். அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது. அவ்வளவு சுத்தம்.

மாப்பிள்ளை உட்காருவதற்கு முன்னால் வீட்டு மனுஷர் ஒருத்தர் உட்கார்ந்து பார்க்க வேண்டாமா? ஆடிக் கிருத்திகைக்குத் தறியெல்லாம் நிறுத்தியிருந்ததால், அன்றைக்கே உன் தாத்தாவைத் தோப்புக்கு அழைத்துப் போனேன்.

"எனக்கு எதுக்குடி சுடுதண்ணி? நான் இன்னா பச்சைப் புள்ளையா?" என்றார்.

"மாப்ள குந்தற எடம். சூடு எவ்ளோ தாங்குதுன்னு பாக்க வேணாவா?"

"அதுக்கு நான்தான் கெடைச்சேனா? தேசப்பன குந்த வையேன்."

தேசப்பன் கொப்பரைக்குப் பின்னால் நகர்ந்துகொண்டே, "ஐயே, எனக்கு அடுப்பு வேலை கீது நைனா" என்றான்.

கடைசியில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினார். முதலில் ஒரு சத்தம் போட்டார், மரத்திலிருந்த காக்கா எல்லாம் பறந்துவிட்டது. அப்புறம் ஒரு முனகல். அப்புறம் "ஆங்" என்றார். இன்னும் கொஞ்சம் கீழே வழுக்கி, "ஆங்... ஆங்..." என்றார். கண்ணை மூடிக்கொண்டார். நான் பயந்துபோய் மூக்கருகே கை வைத்துப் பார்த்தேன். "கையை எட்றி, கன்னிம்மா. அந்த வெள்ளக்காரன் சும்மா இல்லடி, விஷயம் தெரிஞ்சவன்" என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தில், பாவம் இடுப்பு வலிக்கும் நல்லதாயிற்றே என்று கல் உப்பை இரண்டு கையாலும் அள்ளித் தொட்டியில் போட்டேன். சாயத் தண்ணீரில் உப்புப் போட்டால்தான் நூலில் நிறம் பிடித்து நிற்கும் என்பது எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து தெரியும். அன்றைக்கு நான் நூலை நினைக்கவில்லை, இடுப்பை நினைத்தேன். தொட்டிச் சுவரில் ஊறிக் கிடக்கிற சாயம் பச்சைத் தண்ணீருக்கு இறங்காது, சுடுதண்ணீருக்கு இறங்கும் என்பதும் தெரியும். அது தாத்தாவுக்கும் தெரியும், தேசப்பனுக்கும் தெரியும். மூன்று பேருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

தண்ணீர் மேல் ஒரே ஆவி, உள்ளே ஒன்றும் தெரியவில்லை. தேசப்பன் கையில் நூல் புரட்டுகிற கழியை வைத்துக்கொண்டு, இத்தனை வருஷப் பழக்கம், அவனை அறியாமலே, "நைனா, திரும்பிக் குந்து நைனா. ஒரே பக்கமா குந்திகினு இருந்தா திட்டுத் திட்டாப் பிடிக்கும்" என்றான். உன் தாத்தாவும் பழக்கத்தில் திரும்பி உட்கார்ந்தார். "இன்னும் கொஞ்சம் முங்கு நைனா, தோள்கிட்ட வெளுப்பு தெரியுது" என்றான். முங்கினார். முங்கிய பிறகுதான் யோசித்தார்.

"டேய். இன்னாடா பிடிக்கும்?"

கையைத் தூக்கிப் பார்த்தார். அரக்கு. கல்யாணச் சேலைக்கு நாம் போடுவோமே, அதே கெட்டி அரக்கு. கழுத்துக்குக் கீழே ஒரு இடம் விடாமல், ஒரு திட்டு இல்லாமல், சீராக ஏறியிருந்தது. தேசப்பனைக் குறை சொல்லக் கூடாது, அவன் வேலை சுத்தம்.

அதோடு முடிந்திருந்தால் நான் இத்தனை பக்கம் எழுதியிருக்க மாட்டேன். உன் தாத்தா "ஐயோ" என்று தொட்டியை விட்டு எழுந்து, உடம்பெல்லாம் ஆவி பறக்க, இடுப்புத் துண்டோடு கிணற்றைச் சுற்றி ரோட்டுப் பக்கம் ஓடினார். அன்றைக்குக் கிருத்திகை. சித்தூர்ப் பக்கத்திலிருந்து காவடி எடுத்துக்கொண்டு நடந்து வந்த கூட்டம் ஒன்று நம் தோப்பு நிழலில் இளைப்பாறிக்கொண்டிருந்தது. அவர்கள் பார்த்தார்கள். புகைக்கு நடுவிலிருந்து சிவப்பாக ஒரு மனுஷர் வருகிறார். மொத்தக் கூட்டமும் எழுந்து "அரோகரா!" என்றது. கூட்டத்தின் பெரியவர் கை கூப்பி, "ஏமி மொக்கு ஸ்வாமி இதி?" என்றார். இது என்ன வேண்டுதல் என்று கேட்கிறார். உன் தாத்தா, "மொக்கு காதய்யா, சாயம்!" என்று கத்தினார், வேண்டுதல் இல்லையாம். எப்பேர்ப்பட்ட அடக்கம் பார் என்று அவர்கள் இன்னும் ஒரு தடவை "அரோகரா!" போட்டு, கழுத்தில் கதம்ப மாலையைப் போட்டு, நெற்றி நிறைய விபூதி பூசிவிட்டார்கள். ஒரு அம்மா கைக்குழந்தையைக் கொண்டுவந்து அவர் காலடியில் கிடத்தினாள். அவர் குழந்தைக்குச் சாயம் ஒட்டிவிடப் போகிறதே என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அதையும் பெரிய பக்குவம் என்று சொல்லிக்கொண்டார்கள்.

நான் தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன், அங்கே வரிசை நிற்கிறது. பலகையில் எழுதியிருக்கிறதே என்று காட்டினேன். அவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. முட்டி வீங்கின ஒரு பாட்டி காலை உள்ளே விட்டுவிட்டாள். ஒருவர் செம்பில் மொண்டு தீர்த்தமாக எடுத்துக்கொண்டார். குடித்துவிடாதீர்கள் என்று நான் அவர் பின்னாலேயே பெரிய ரோடு வரைக்கும் ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் தேசப்பன் கழியோடு நின்று, "ஒவ்வொருத்தரா, ஒவ்வொருத்தரா. திரும்பிக் குந்துங்க" என்று நடத்திக்கொண்டிருக்கிறான். உனக்காகத் தனியாக ஏற்பாடு செய்த தொட்டியில் ஒரு ஊரே தோய்ந்து போய்விட்டது பத்மா.

அதற்கப்புறம் கடலை மாவு, தயிர், எலுமிச்சை, மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்தோம். முழங்கையில் கொஞ்சம் தோல் போனது, சாயம் போகவில்லை. முதல் இரண்டு நாள் வெளியே தலை காட்டாமல் இருந்தார். மூன்றாம் நாள் சங்கத்து ஆட்கள் வந்தபோது சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு, "பாருங்க, எத்தினி தோய்ப்புக்கும் வெளுக்கல. இப்ப நீங்க குடுக்கற நூல்ல இந்தக் கெட்டி இருக்குதா?" என்று கேட்டார். அவர்கள் மோர் குடித்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து சட்டையே போடுவதில்லை.

நீ இதற்கெல்லாம் யோசிக்காதே. திங்கட்கிழமை கொத்தனார் வருகிறார், தொட்டிக்கு உள்ளே புதிதாகச் சிமெண்ட் பூசி, பாலிஷ் போட்டுக் கொடுத்துவிடுவார். ஆவணிக்குள் காய்ந்துவிடும். கிருத்திகைக் கூட்டமும் அப்போது இருக்காது. ஏற்காட்டுக்கு உடனே வேண்டாம் என்று எழுதிவிடு. அந்த மேனேஜருக்கும் சொல்லிவிடு, எங்கள் ஊரிலேயே இருக்கிறது என்று. நீ வருகிறாய் என்று கௌரியம்மாளிடம் நான் சொல்லியாகிவிட்டது. அவள் "பாக்கலாம், பாக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே போனாள். அந்தச் சிரிப்பை அவள் முகத்திலிருந்து எடுக்க வேண்டியது உன் பொறுப்பு. உன்னைப் பார்த்து ஒரு வருஷம் ஆகிறது. தொட்டி எல்லாம் அப்புறம், நீ வந்து வாசலில் நின்றால் போதும்.

நீங்கள் இருவரும் குறையில்லாமல் வாழ, எந்தத் தண்ணீரில் நனைந்தாலும் வெளுக்காமல் இருக்க, தணிகைமலையான் காப்பாற்றுவானாக. மாமியாருக்கு என் வணக்கம். தாத்தா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். கையை மேலே வைக்க மாட்டார், பயப்பட வேண்டாம்.

இப்படிக்கு,
உன் ஆயா
கன்னியம்மாள்

பின் குறிப்பு: பத்மா, கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் இதையும் எழுதிவிடுகிறேன். சனிக்கிழமை தோப்புக்குப் போனோம். கொத்தனார் வருவதற்குள் இன்னும் சாயம் இறங்குகிறதா என்று பார்க்கலாமே என்று வெந்நீர் ஊற்றி, ஒரு கால் மட்டும் வைத்தேன். அப்புறம் இன்னொரு கால். அப்புறம் என்ன, உட்கார்ந்துவிட்டேன். உன் தாத்தா, "எனக்கு இன்னும் இன்னா ஏறப் போவுது" என்று எதிரே இறங்கிவிட்டார். தேசப்பனை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். கல்யாணம் ஆன நாளிலிருந்து தறிச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் நாங்கள் பேசியிருக்கிறோம். அங்கே ஒரு சத்தமும் இல்லை. "உன் கொரல் இவ்ளோ மெதுவா கூட இருக்குமா?" என்றார். மலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நீ எதற்கு யாரும் இல்லாத இடமாகப் பார்த்துப் போகிறாய் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அதனால் நீங்கள் ஏற்காடே போங்கள். கட்டாயம் போங்கள். ஆவணியில் இங்கே வர வேண்டாம், இடம் இல்லை. கொத்தனாரையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தீபாவளிக்கு வா, நான் வீட்டில் இருப்பேன், பெரும்பாலும். இப்போது நானும் கழுத்து வரை அரக்கு, ஒரே தொட்டியில் தோய்த்த நூல் மாதிரி இரண்டு பேருக்கும் ஒரு இழை வித்தியாசம் இல்லை. கௌரியம்மாள் இன்றைக்குத் தோப்பை எட்டிப் பார்க்க வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். பலகையில் நானே என் கையால் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "உறவினரும்."