கட்டிலம்மா கப்பலேறவில்லை

படுக்கை நனையாமல் விடியும் ஓர் இரவின் விலை எண்பத்தெட்டு சிங்கப்பூர் வெள்ளி. இரண்டு பிள்ளைகளுக்குச் சேர்த்து வாங்கினால் நூற்று அறுபத்தெட்டு. பெற்றவள் நிம்மதியாகத் தூங்குவதற்கும், பிள்ளை தலைநிமிர்ந்து எழுந்திருப்பதற்கும் விலையே கிடையாது என்று நாமெல்லாம் நினைத்திருந்தோம். மந்திரக் கயிறு விற்கும் ஆங் மாஸ்டர் விலை போட்டுவிட்டார். ரொக்கம் மட்டும். வங்கி அட்டை வாங்கமாட்டார். ஆவிகளுக்கு அந்த இயந்திரம் ஒத்துக்கொள்ளாதாம்.

சிங்கப்பூரில் புறப்பட்டுப் பினாங்கு வரை போய் மூன்று இரவில் திரும்பும் உல்லாசக் கப்பல் அது. மாஸ்டரும் டிக்கெட் வாங்கிய பயணிதான். ஏறிய அன்று மாலையே பன்னிரண்டாம் தளத்தில், ஐஸ்கிரீம் இயந்திரத்துக்குப் பக்கத்து மேசையில் கடை விரித்துவிட்டார். இடம் பார்ப்பதில் ஆள் கெட்டிக்காரர். கப்பலில் உள்ள அத்தனை பிள்ளைகளும் வந்துபோகும் மூலை அது. ஐஸ்கிரீம் இலவசம், வேண்டுமட்டும். குழாயைத் திருகினால் ரோஜா நிறத்தில் சர்பத், அதுவும் இலவசம். படுக்கை நனைவதற்கு வேண்டிய சரக்கை ஓர் இயந்திரம் கொடுத்தது. அதற்குப் பரிகாரத்தை அடுத்த மேசை விற்றது. இதைவிட ஒழுங்கான சந்தை ஏது?

வரிசை நீச்சல்குளம் வரை போயிருந்தது. நின்று கால் வலித்தவர்கள் தரையில் ஆளுக்கொரு டிஷ்யூ பொட்டலத்தை வைத்து இடம் பிடித்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்கள். மனிதர், பொட்டலம், மனிதர், இரண்டு பொட்டலம் என்று வரிசை மரியாதையாக நகர்ந்தது.

"எதுக்குங்க வரிசை?" என்று கேட்டார் கடைசியில் வந்து ஒட்டிக்கொண்ட ஒருவர்.

"தெரியலை. ஆனா இவ்வளவு நீளமா இருக்கே, நல்லதாத்தான் இருக்கும்."

பாதிப் பேர் ஐஸ்கிரீமுக்கு நின்றவர்கள். மாஸ்டர் அவர்களையும் திருப்பி அனுப்பவில்லை.

அந்த வரிசையில் லாய் குவான் தானாக வந்து நிற்கவில்லை. நாத்தனார் கிம் எங் கையைப் பிடித்து இழுத்துவந்து நிறுத்தியிருந்தாள். லாய் குவானுக்குச் சைனாடவுனில் உலர்சரக்குக் கடை. காளான், காய்ந்த இறால், சூப்புக்குப் போடும் பறவைக்கூடு. போலிக் கூட்டை முகர்ந்தே ஒதுக்குகிற மூக்கு அவளுக்கு. அந்த மூக்குதான் அன்று காலை அலமாரியில் உயிர்காப்பு அங்கிக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த ஈர உடுப்பையும் கண்டுபிடித்தது. ஒளித்தவள் மகள் ஷின் யீ. வயது ஆறு.

முதல் நாள் அவள் தின்றதும் குடித்ததும் ஊரறியும். ஐஸ்கிரீம் மூன்று. சர்பத்துக்குக் கணக்கில்லை. பிறகு கண் சொக்கும்வரை மந்திர வித்தைக் காட்சி. கேபினிலோ கழிப்பறைக் கதவும் அலமாரிக் கதவும் ஒரே மாதிரி. இருட்டில் குழந்தை எதைத் திறக்கும்?

இதெல்லாம் கிம் எங்குக்குக் காரணமாகப் படவில்லை. "லாய் குவான், வீட்ல பிள்ளைங்க கட்டிலைக் காக்கக் கட்டிலம்மா இருக்கா. மாசத்துல ரெண்டு நாள் அவளுக்குச் சோறு வைக்கிறோம். கப்பல்ல யார் இருக்கா? கட்டிலம்மா கடல் தாண்ட மாட்டாளாம். மாஸ்டர் சொல்றாரு. காலிக் கட்டில்ல கடல் ஆவி ஏறிக்குதாம்."

"அக்கா, கப்பலும் கடல்லதானே போகுது? நாம தாண்டலாம், அவ தாண்டக் கூடாதா?"

"உனக்கு எல்லாமே கடை வியாபாரம்தான். தெரிஞ்சவங்க பையன் ஒருத்தனுக்கு நேத்து ராத்திரியே கயிறு கட்டினாங்க. காலையில படுக்கை காய்ஞ்ச இறாலு மாதிரி இருந்துச்சு."

கிம் எங்கின் மகன் ஜுன் வெய் பக்கத்தில் நின்று கடலைப் பார்த்தான். ஒன்பது வயதுப் பையன். நீச்சல்குளத்து ஓரத்தில் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓட, அவன் காலுறை போட்டிருந்தான். லாய் குவான் அதைக் கவனித்தாள். கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம், அவள் மனமெல்லாம் கடைசி இரவில் இருந்தது. கிம் எங்கின் பெரிய கேபினில் கூரையிலிருந்து இறங்கும் மேல்கட்டில் உண்டு. கடைசி இரவு பிள்ளைகள் எல்லாரும் அங்கே சேர்ந்து படுப்பதாகப் பேச்சு. ஷின் யீ இரண்டு மாதமாக அந்த மேல்கட்டிலைப் படம் வரைந்துகொண்டிருக்கிறாள். கிம் எங் இப்போது சட்டம் போட்டுவிட்டாள்: கயிறு இருந்தால் கட்டில்.

அவர்கள் முறை வந்தது.

மாஸ்டர் மஞ்சள் தாள் ஒன்றை எடுத்து ஷின் யீயின் தலையைச் சுற்றி மூன்று முறை காட்டினார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். முன்னாலிருந்த கிண்ணத்துப் புனித நீரில் தாளை முக்கினார். தாள் ரத்தமாகச் சிவந்தது. கூட்டம் மூச்சை இழுத்தது.

"பாத்தீங்களா? சாதாரணம் இல்ல. உள்ளே உக்காந்துட்டான். ராத்திரி போறது பிள்ளை இல்ல, அவன்தான்!"

தாள் யாருக்கு முக்கினாலும் சிவந்தது. மஞ்சளாகவே நின்ற தாளை அந்தக் கப்பலில் யாரும் பார்த்ததில்லை. பார்க்கவேண்டும் என்று யாரும் கேட்டதுமில்லை.

"இதுக்குப் பெரிய கயிறு. இருநூத்தி எண்பத்தெட்டு."

கடைக்காரி நாக்கு; தானாகப் புரண்டது. "கடைசி விலை சொல்லுங்க மாஸ்டர்."

"பிள்ளை முகத்துக்காக நூத்தி எண்பத்தெட்டு."

லாய் குவான் அரை அடி திரும்பினாள்.

"நூத்தி இருபத்தெட்டு! விரத முறை இலவசம். சாப்பிட்டதுக்கப்புறம் தண்ணி, ஐஸ்கிரீம் ஆகாது. படுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை போகணும். நீங்க படுக்கிறப்போ எழுப்பி இன்னொரு தடவை. கழிப்பறை விளக்கு எரியணும், கதவு திறந்திருக்கணும், கட்டிலம்மாவுக்கு வழி தெரியணுமே!"

அவள் கடையில் இவ்வளவு வேகமாக விலை இறங்கும் சரக்கு ஒன்றுதான்: போலி. ஆவி அதே ஆவி. மூன்று பேச்சுக்குள் பாதிக்குப் பாதி மெலிந்துவிட்டதே?

"யோசிச்சுச் சொல்றேன்," என்று மகளை அழைத்துக்கொண்டு நடந்தாள்.

லிப்டுக்குள் ஷின் யீ வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். "அம்மா, எனக்குள்ள யாரும்மா உக்காந்திருக்கா?"

லாய் குவானுக்கு அதுவரை வந்தது சந்தேகம்தான். கோபம் அந்த லிப்டில் வந்தது.

அன்றிரவு அவள் விரதத்தை மட்டும் செய்தாள், கயிறில்லாமல். விளக்கு எரிந்தது, கதவு திறந்திருந்தது, படுக்கைக்கு அடியில் நீர் புகாத விரிப்பு. கட்டிலம்மா வந்தாளோ இல்லையோ, ஷின் யீக்கு வழி தெரிந்தது. காலையில் படுக்கை காய்ந்திருந்தது.

"மாஸ்டர் பார்வை பட்டுச்சே, அதோட பலன்," என்றாள் கிம் எங். "கயிறு கட்டியிருந்தா இன்னும் நல்லா காய்ஞ்சிருக்கும்."

"காய்ஞ்சதுக்கு மேல என்னக்கா காயணும்?"

கணவன் பெங் ஹோ சமாதானத்துக்கு வந்தான். "விடு, நூத்தி இருபத்தெட்டுதானே. குடுத்துட்டா அக்கா வாயும் மூடும், பிள்ளைக்கும் கட்டில் கிடைக்கும்."

"குடுத்தா, தனக்குள்ள ஒருத்தன் உக்காந்திருக்கான்னு இவ ஆயுசுக்கும் நம்புவா. அதையும் சேத்து விலை சொல்லு."

அப்போதுதான் லாய் குவானின் பார்வை துணி மாட்டும் கொக்கிக்குப் போனது. அறை துடைக்கும் பணியாளர் தினம் ஒரு வெள்ளைத் துண்டை மடித்து மிருகம் செய்து வைப்பார். நேற்று வந்தது குரங்கு. ஒரு கையால் கொக்கியில் தொங்கிக்கொண்டு, கண்ணுக்கு ஒட்டிய காகிதத்தோடு, வெகு புத்திசாலித்தனமாகப் பார்த்தது.

மத்தியானம் வரிசை இன்னும் நீண்டிருந்தது. லாய் குவான் இரவல் வாங்கிய தள்ளுவண்டியோடு வந்தாள். உள்ளே போர்வைக்குள் ஓர் உருவம். முகத்தை மறைத்து வெயில் தொப்பி.

"தம்பி மகன் மாஸ்டர். வயசு மூணு. காய்ச்சல், வெளிச்சம் ஆகலை. தொப்பியை எடுக்க வேணாம்."

"எடுக்கவே வேண்டாம். எனக்குத் தெரியும்." மாஸ்டர் தாளைத் தொப்பியைச் சுற்றிக் காட்டினார். முக்கினார். சிவந்தது. "ஐயோ! இப்படியே விட்டா இன்னைக்குக் கட்டில் மிதக்கும். பிள்ளை ரொம்பச் சேட்டையோ?"

"குரங்குதான்."

"அதானே! ஏதாவது ஒண்ணைப் பிடிச்சுட்டுத் தொங்குவானே?"

"ராத்திரி பூரா தொங்குறான் மாஸ்டர்."

"எல்லாம் உள்ள இருக்கிறவன் வேலை. ஆனா நல்ல ராசி, முகத்துல களை தெரியுது. இருநூத்தி எண்பத்தெட்டு."

லாய் குவான் மகளைப் பார்த்துத் தலையசைத்தாள். ஷின் யீ தொப்பியைத் தூக்கினாள்.

குரங்கு கூட்டத்தைப் பார்த்தது. கூட்டம் குரங்கைப் பார்த்தது. முதலில் சிரித்தது ஐஸ்கிரீம் வரிசை. அவர்களுக்கு நஷ்டம் ஏதுமில்லை அல்லவா? பிறகு சிரிப்பு டிஷ்யூ பொட்டலங்களைத் தாண்டிக் குளம் வரை போனது.

மாஸ்டர் லேசுப்பட்டவர் இல்லை. "துண்டுன்னா என்ன? துண்டு நனையுறது இயற்கைதானே! தாள் அதைத்தான் சொல்லுது!"

"அப்படியா?" லாய் குவான் ஒரு மஞ்சள் தாளை எடுத்து மாஸ்டரின் வழுக்கைத் தலையைச் சுற்றி மூன்று முறை காட்டினாள். கிண்ணத்தில் முக்கினாள். தாள் சிவந்தது.

"மாஸ்டரும் படுக்கையில போறாரு!" ஒரு சின்னக் குரல் கத்தியது.

இன்னொரு தாளை மகளின் தலையைச் சுற்றிக் காட்டினாள். இந்தத் தடவை சும்மா குடிதண்ணீர்க் குவளையில் முக்கினாள். தாள் மஞ்சளாகவே இருந்தது. கிண்ணத்து நீரை விரலில் தொட்டுத் தேய்த்தாள். சோப்புப் போல வழுக்கியது. டிராகன் படகு விழாவுக்கு அரிசிப் பொட்டலம் கட்டுகிறவர்களுக்கு வருஷா வருஷம் அவள் கடையில் புட்டி புட்டியாக விற்கும், சுண்ணாம்பு நீர் மாதிரியான காரத் தண்ணீர்.

"தாள்ல மஞ்சள், கிண்ணத்துல காரத் தண்ணி. புட்டி ரெண்டு வெள்ளி எங்க கடையில. உங்களுக்கு விலையில கழிவு உண்டு மாஸ்டர்."

மஞ்சளில் சுண்ணாம்பு விழுந்தால் சிவக்கும் என்று ஆரத்தி கரைத்த எந்த வீட்டிலும் தெரியும். அதே வித்தையைக் கிண்ணத்தில் வைத்து முன்னால் ஒரு தாடியை உட்கார வைத்தால் மட்டும், தெரிந்தது மறந்துபோகும்.

"பணத்தைக் குடுங்க!" என்று யாரோ ஆரம்பித்தார்கள். ஆனால் முன்னால் வர ஆளில்லை. முன்னால் வந்தால் யார் வீட்டுப் படுக்கை நனைந்தது என்று ஊருக்குத் தெரிந்துவிடுமே. மாஸ்டரின் உண்மையான பணப்பெட்டி அதுதான். கயிறு விற்ற பணத்தை வெட்கத்தால் பூட்டியிருந்தார்.

அப்போது ஜுன் வெய் முன்னால் வந்தான். குனிந்து காலுறையைக் கழற்றினான். கணுக்காலில் சிவப்புக் கயிறு. கழற்றி மேசையில் போட்டான்.

"எங்கம்மாவுக்கு எண்பத்தெட்டு வெள்ளி குடுங்க."

கிம் எங்கின் முகம் மாஸ்டரின் தாளைவிடச் சிவந்தது.

பிறகு குளத்தின் மறுகரையில் ஒரு பெண்பிள்ளை காலுறையைக் கழற்றியது. அதற்குப் பக்கத்தில் இரட்டையர் இருவர். அப்புறம் எங்கிருந்தெல்லாமோ. ஒவ்வொன்றும் மற்றதன் கணுக்காலைப் பார்த்துக் கண்ணை அகல விரித்தது. இந்தக் கப்பலிலேயே தான் ஒருத்தர்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அவை.

"நீயுமா?" என்றாள் ஷின் யீ.

"எப்பவாவது," என்றான் ஜுன் வெய், பெரிய மனிதன் போல.

கப்பல் அதிகாரிகள் வந்தார்கள். மாஸ்டர் நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார். அதற்கும் வரிசை நின்றது, டிஷ்யூ பொட்டலங்களோடு. ஐஸ்கிரீமுக்கு வந்த ஒருவர், எதற்கும் இருக்கட்டும் என்று, அதிலும் நின்று பார்த்தார்.

"ஆனா அவனுக்குக் காய்ஞ்சுதே!" என்று கிம் எங் கடைசிவரை முணுமுணுத்தாள்.

"அக்கா, விளக்கும் எரிஞ்சுது, எழுப்பியும் விட்டீங்க, சர்பத்தும் நிறுத்தினீங்க. பாவம், நீங்க செஞ்சதுக்கு எல்லாம் கயிறு பேர் வாங்கிட்டுப் போச்சு."

சாயங்காலம் கிம் எங் சட்டத்தைத் திருத்தினாள்: கயிறு இல்லாவிட்டாலும் கட்டில்.

கடைசி இரவு மேல்கட்டில் இறங்கியது. ஷின் யீ ஏறிப் படுத்தாள். குரங்கு அவளோடு. விடிந்ததும் குனிந்து கீழே பார்த்தாள். ஜுன் வெய் போர்வைக்குள் சுருண்டு அசையாமல் கிடந்தான். அவளுக்குப் புரிந்தது. ஏணியில் இறங்கி, "விரிப்பை அந்த முனையில பிடி, நான் இந்த முனையில பிடிக்கிறேன்," என்றாள். பிடித்தான். கிம் எங் வாசலில் நின்று பார்த்தாள். மாற்று உடுப்பை எடுத்துக் கொடுத்தாள்.

சிங்கப்பூரில் இறங்கும்போது கணக்கு இப்படி நின்றது. நனைந்த படுக்கை, மூன்று இரவுக்கு இரண்டு. கப்பல் சலவை, செலவில்லை. காரத் தண்ணீர், மாஸ்டருடையது. கயிற்றுக்குப் போன எண்பத்தெட்டு வெள்ளி, வரவு. குரங்கு ஒன்று, இரவல். அவிழ்த்துத் துண்டாகத் திருப்பியாயிற்று. வராத பாக்கி ஒன்றே ஒன்று: வரிசையில் நின்ற இருநூறு பேரில் ஒருவராவது முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வி, ‘தாள் யாருக்காவது சிவக்காமல் இருந்ததா?’ கேட்கக் காசு வேண்டாம். நீங்களும் ஏதாவது வரிசையில் நின்றுகொண்டிருந்தால், உங்கள் பெயரிலும் அது பாக்கி.