பத்தடி அண்ணனும் சரோஜா அக்கா வாசற்படியும்

மதுரையில், தேடி வந்த வாடிக்கையாளரைக் கடைக்கு வெளியே விரட்டியே தொழில் நடத்திய ஒரே மனிதர் செல்லூர் பத்தடி அண்ணன்தான். போட்டோவைக் கொடுத்தால் மரப்பலகையில் செதுக்கித் தருவார். செதுக்குவது சிஎன்சி மெஷின். போட்டோவை அதற்குப் புரிகிற கோடுகளாகக் கம்ப்யூட்டரில் மாற்றிக் கொடுப்பது என் வேலை. செல்போனில் கேமரா இருந்தால் ஊரே வாங்கிப் பார்த்த காலம் அது.

அந்தப் பலகையைக் கிட்டத்தில் பார்த்தால் வெறும் கோடு, உழுத வயல் மாதிரி. பத்தடி தள்ளி நின்றால்தான் முகம் தெரியும். கடையிலோ மெஷின் போக மூன்றடிதான் மிச்சம்.

"பின்னால போங்க சார். இன்னும் போங்க. படி இருக்கு, பாத்து எறங்குங்க. சாக்கடையத் தாண்டி அங்கிட்டு நில்லுங்க."

அங்கிட்டு என்பது எதிர்வீட்டு சரோஜா அக்காவின் வாசற்படி. கைத்தறி ஓடும் வீடு. வாடிப்பட்டி அரிசி மில்காரர் ஒருவர், அண்ணன் சொல் தட்டாமல் பின்னால் போய்க்கொண்டே இருந்து, தறிக்குழிக்குள் காலை விட்டுவிட்டார். அக்கா தன் வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்தில் திட்டித் தீர்த்தார். எங்களுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. "பாட்டு மாதிரி இருக்குல்ல மாப்ள" என்றார் அண்ணன்.

மெஷினில் மாட்டும் கூர்முனைக்குப் பிட் என்று பெயர். முனையின் கோணத்தை டிகிரியில் சொல்வோம். எதை மாட்டுவது என்று போட்டோவைப் பார்த்து முடிவு செய்ய மாட்டார். ஆளைப் பற்றி விசாரிப்பார்.

"ஒங்க அப்பா கோவக்காரரா?"

"ஆமாங்க."

"அப்ப தொண்ணூறு டிகிரி. கோடு அகலமா விழும். சாதுன்னா அறுவதே போதும்."

இப்படிக் கேட்கப்போய், ஒருவர் தன் மாமனாரைப் பற்றி அரைமணி நேரம் புலம்பிவிட்டுப் பலகையே வேண்டாம் என்று போய்விட்டார்.

பலகைக்கு முதலில், மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் சீலர் அடிக்க வேண்டும். அது காய்ந்த பிறகு செதுக்கி, கறுப்புப் பெயின்ட் பூசி, மேலே உப்புத்தாளால் தேய்த்தால் பள்ளத்தில் மட்டும் கறுப்பு நிற்கும். ஒரு தடவை பேச்சு சுவாரஸ்யத்தில் அண்ணன் சீலரை மறந்தார். கறுப்பு மர நரம்பு வழியாக ஓடி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவருக்குத் தாடி முளைத்துவிட்டது. அந்த அம்மா எத்தனை அடி தள்ளிப் போய்ப் பார்த்தும் தாடி போகவில்லை.

ஒருநாள் மத்தியானம் சரோஜா அக்கா சண்டை போடாமல் எங்கள் கடைக்கு வந்தார். கையில், இறந்துபோன கணவரின் நெசவாளர் சங்க அட்டை. அதிலிருந்த தபால்தலை அளவு போட்டோதான் அவருடைய ஒரே படம். கன்னத்தின் மேல் ரப்பர் முத்திரை வேறு.

"அவரு போயி ஆறு வருசமாச்சுண்ணே. குரல் ஞாபகத்துல இருக்கு. மொகம் கொஞ்சங் கொஞ்சமா மறந்துக்கிட்டே வருது. பயமா இருக்கு."

அண்ணன், "எப்படிப்பட்ட மனுசன் தாயி?" என்று கேட்டார்.

"தறியில உக்காந்தா பேசவே மாட்டாரு. எந்திரிச்சா நிறுத்தவே மாட்டாரு."

அண்ணன் குழம்பிப்போனார். கடைசியில், துணியில் சுற்றி வைத்திருந்த மிக மெல்லிய பிட்டை எடுத்தார். இரண்டு நாள் மெஷின் ஓடியது. முத்திரையின் எழுத்துகள் கன்னத்தில் அச்சு அச்சாக வந்திருந்தன. அக்கா பார்த்தார்.

"முத்திரை நல்லா வந்திருக்குண்ணே. ஆளுதான் யாரோ."

அன்று அண்ணன் சாப்பிடவில்லை. கம்ப்யூட்டரில் முத்திரையை அழித்து, கன்னத்தை நானே வரைந்து தருகிறேன் என்றேன்.

"நீ வரைஞ்சா அது ஒன் கன்னம்டா. அதப் பாத்து எதுக்குச் சரோஜா அழணும்?"

மறுநாள் தடித்த தொண்ணூறு டிகிரி பிட்டை மாட்டி, கோடுகளை அகல அகலமாக விடச் சொன்னார். அந்தத் தடிமனுக்கு முத்திரையின் பொடி எழுத்துகள் சிக்கவில்லை. சீலரை இரண்டு தடவை அடித்தார், உப்புத்தாளைத் தேய்ப்பு மெஷினில் மாட்டாமல் கையாலேயே தேய்த்தார். கடைச் சுவரில் மாட்டிவிட்டு அக்காவைக் கூப்பிட்டார்.

அக்கா தன் வாசற்படியில் நின்று பார்த்தார். "அவருதான்" என்றார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன், கண் கலங்கிவிட்டது.

பலகையை வீட்டுக்குத் தூக்கிப் போனவர் பத்தே நிமிடத்தில் திரும்பி வந்தார். தறி போக வீட்டில் ஆறடிதான் இருந்தது. அங்கே வைத்தால் கோடுதான் தெரிந்தது, கணவரைக் காணோம்.

"இங்கயே மாட்டிருங்கண்ணே. நான் அங்கிட்டிருந்து பாத்துக்கிறேன்."

அண்ணன் சுவரிலிருந்த சாம்பிள் பலகைகளையெல்லாம் கழற்றிவிட்டு நடுவில் அதை மாட்டினார். வருகிறவர்கள் இது யாரென்று கேட்டால், "முதலாளி" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு விடுமுறை. ஒரு ஞாயிறு, மறந்து வைத்த டிபன் பாக்ஸை எடுக்கப் போனேன். ஷட்டர் முழுக்கத் திறந்திருந்தது. மெஷின் ஓடவில்லை. பலகைக்கு மேல் ஒரு டியூப் லைட் மட்டும் எரிந்தது. கீழே பேப்பர் விரித்து அண்ணன் படுத்திருந்தார்.

"லீவன்னைக்குக் கோச்சடை வீட்ல இருந்து இம்புட்டுத் தூரம் எதுக்குண்ணே வாரீங்க?"

"ஷட்டரப் போட்டுட்டா அங்கிட்டிருந்து அந்தாளு தெரிய மாட்டாருல்ல" என்று முணுமுணுத்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கூச்சமாக இருந்ததால், டீ வாங்கி வரப் போனேன்.