மேற்படி டைவர்ஸ் விஷயமாக

பெங்களூரில் கம்ப்யூட்டரையே கட்டி மேய்க்கும் மாப்பிள்ளை கார்முகில் அவர்களுக்கு,

விருத்தாசலத்திலிருந்து உங்கள் மனைவி பாரதியின் ஒரே தாய்மாமன் திருமால் எழுதிக்கொண்ட கடிதம். இங்கே நான், உங்கள் அத்தை கமலம், என் ஸ்கூட்டர் மூவரும் கொளஞ்சியப்பர் புண்ணியத்தில் ஓடிக்கொண்டிருக்கிறோம். உங்கள் நலத்தை விசாரிக்க வேண்டியது முறை. ஆனால் வெள்ளிக்கிழமை கேட்ட சேதிக்குப் பிறகு அந்த முறையை எப்படிச் செய்வது என்று தெரியாமல் அடுத்த வரிக்குப் போகிறேன்.

உங்களுக்குப் பதினேழு தடவை போன் போட்டேன். பதினாறு தடவை எடுக்கவில்லை. பதினேழாவது தடவை யாரோ எடுத்து, "சார் தண்ணிக்குள்ள இருக்காரு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஆபீஸ் நேரத்தில் தண்ணிக்குள் இருக்கிறார் என்றால் அது எந்தத் தண்ணி என்று நான் கேட்கவில்லை, அந்த அளவுக்கு எனக்கு நாகரிகம் உண்டு. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நாளைக்கு அழித்துவிடுவீர்கள். ஆகவே ஆதாரம் வேண்டும் என்பதற்காகக் காகிதத்தில் எழுதுகிறேன். எட்டாவது வரைதான் பள்ளிக்கூடம் போனேன் என்றாலும், எட்டாவதை மூன்று வருஷம் படித்ததால் அந்தக் காலக் கணக்குப்படி எனக்குப் பத்தாவது அறிவு இருக்கிறது.

நடந்தது என்னவென்றால், வெள்ளிக்கிழமை நான் கம்பெனியில் சூளைப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் கம்பெனி பீங்கான் பீஸ் கட்டையைப் பற்றி உங்களுக்குத் தெரியும். இந்தியாவில் பாதி வீட்டு மெயின் போர்டில் நான் கை வைத்துப் பார்த்து அனுப்பிய கட்டைதான் உட்கார்ந்திருக்கிறது. முதலாளி பாண்டியன் என்னைக் கேட்காமல் சூளைக் கதவைத் திறக்க மாட்டார், திறந்தாலும் பிறகு வருத்தப்படுவார். பர்னர் ஓடும்போது பக்கத்தில் பேசுகிறவன் வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவு இரைச்சல். அந்த நேரம் பார்த்து பாரதி போன்.

"மாமா, ஒரு சந்தோஷமான சேதி! நாங்க ரெண்டு பேரும் டைவர்ஸ் ஆகப் போறோம்!"

எனக்குப் பர்னர் நின்றுபோன மாதிரி இருந்தது. "என்னாம்மா சொல்ற?" என்றேன்.

"ஆமாம் மாமா, டைவர்ஸ்! அடுத்த மாசம் அந்தமான்ல. நாலே நாளுதான். முடிஞ்சதும் சர்டிபிகேட்டு குடுத்துடுவாங்க. ஒலகம் பூரா செல்லும்."

"இதுக்கு எதுக்கும்மா அந்தமானு? நம்ம ஊர்ல இல்லாததா?"

"அங்கதான் மாமா கோர்ட்டு நல்லா இருக்குது. ஒரு தீவுல ரிசார்ட்டு. தங்கறது, சாப்பாடு, கோர்ட்டு எல்லாம் ஒரே எடம்."

அந்தக் காலத்தில் வெள்ளைக்காரன் தண்டனை கொடுத்து அனுப்பின ஊர் அந்தமான். இப்போது நம் பிள்ளைகள் தாங்களாகவே டிக்கெட் எடுத்துக்கொண்டு தண்டனை வாங்கப் போகிறார்கள். நானும் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு, "மாப்பிள்ள என்ன சொல்றாரு?" என்று கேட்டேன்.

"அவருதான் மாமா ரெண்டு வருஷமா இதே நெனப்பா இருக்காரு. நான்தான் பயந்துகிட்டு இருந்தேன். இப்ப எனக்கும் ஆசை வந்துடுச்சி."

கவனியுங்கள் மாப்பிள்ளை, கல்யாணம் ஆகி அடுத்த மாசம்தான் இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷமும் இதே நினைப்பு என்றால், மறுவீட்டு விருந்தில் நான் உங்களுக்கு மூன்றாவது தோசை வைத்தபோதே உங்கள் மனத்தில் இது இருந்திருக்கிறது! சரி, வாய்ச் சண்டையாக இருக்கும், பேசித் தீர்க்கலாம் என்று, "ரெண்டு பேரும் ஒக்காந்து பேசுங்கம்மா" என்றேன். அதற்கு அவள் சிரித்துக்கொண்டே சொல்கிறாள், "உள்ள எறங்கிட்டா வாயால பேச முடியாது மாமா. எல்லாம் கையாலதான்!"

கையாலயா! எங்கள் குடும்பத்தில் பொம்பளைப் பிள்ளை மேல் கை வைத்தவர் கிடையாது. என் விஷயத்தில் கமலம் இரண்டு தடவை வைத்திருக்கிறாள், அது கணக்கில் வராது. இது போதாதென்று அவள் மேற்கொண்டு சொன்னதை எழுத என் பேனா கூசுகிறது. "அவங்களே ஜோடி போட்டுடுவாங்க மாமா. புருஷன் பொண்டாட்டிய சேத்துப் போட மாட்டாங்களாம், உள்ள போயும் சண்ட போட்டுக்குவாங்கன்னு. அவருக்கு ஒரு கேரளாப் பொண்ணு, எனக்கு யாரோ ஒரு பிரெஞ்சுக்காரரு."

அதைக் கேட்டதும் பின்னால் எது இருக்கிறது என்று பார்க்காமல் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் இருந்தது சூளையில் வைக்குமுன் காயப் போட்டிருந்த பச்சைக் கட்டைப் பலகை. இருபத்தாறு பீஸ் கட்டை என் அச்சில் ஒன்றாகிவிட்டது. முதலாளி வந்து பார்த்துவிட்டு, "ஏன் திருமாலு, இந்த சைசு பீஸ் கட்டைக்கு நமக்கு ஆர்டர் இல்லியேய்யா" என்றார். என் குடும்பத்தின் பீஸே போய்விட்ட நேரத்தில் அவருக்கு அது கவலை.

வீட்டுக்கு வந்து கமலத்திடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"பாரதி அழுதுகிட்டா சொன்னா?"

"சிரிச்சிகிட்டே சொல்றா!"

"சிரிச்சிகிட்டு யாருனா டைவர்ஸ் வாங்குவாங்களா? ஒங்க காதுல ஏதோ கோளாறு இருக்குது."

"படிச்சவங்க அப்படித்தான் கமலம் வாங்குவாங்க. நீ அஞ்சாவது. ஒனக்குத் தெரியாது."

"நான் வாங்கினாலும் சிரிச்சிகிட்டுதான் வாங்குவேன்" என்று சொல்லிவிட்டுக் கீரைத் தண்டை ஒடித்தாள். அந்த ஒடிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அதற்கு நேரமில்லை.

இந்தக் கல்யாணத்தை முடித்து வைத்தவன் நான். பையன் தங்கம், நான் பொறுப்பு என்று என் அக்கா பூங்கோதையிடம் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னவன் நான். கம்மாபுரத்தில் அக்காவின் நிலத்தைச் சுரங்கத்துக்கு எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்ததிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. இந்த உலகத்தில் அவள் நிம்மதியாக நினைக்கிற ஒரே விஷயம் பாரதியின் குடும்பம்தான். அதுவும் இல்லை என்று நான் எந்த முகத்தோடு அவளிடம் போய்ச் சொல்வேன்? ஆகவே அவளிடம் மூச்சு விடாமல், சனிக்கிழமை விடிந்ததும் உங்கள் அப்பாவைப் பார்க்க ஸ்ரீமுஷ்ணம் பஸ் ஏறினேன். பஸ்ஸில் உட்கார இடமில்லை. என்னைப் பார்த்ததும் நான்கு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். ஸ்ரீமுஷ்ணம் வந்துவிட்டதால் எழுந்தார்கள் என்று கண்டக்டர் சொன்னது தவறு.

உங்கள் அப்பா ஆதிநாராயணன் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், பெரிய மனுஷன், கேட்டதும் துடிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரித்த முகமாக, "டைவர்ஸ் விஷயமா? எங்கிட்டயும் சொன்னாங்க. சந்தோஷம்! பாதிச் செலவு என்னுதுன்னு சொல்லிட்டேன். கல்யாண நாளுக்கு என் பரிசா இருக்கட்டும்" என்றார். கல்யாண நாளுக்கு டைவர்ஸ் பரிசு! நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அதோடு விட்டாரா? "நம்ம ஊரு பூவராகசாமியே கடலுக்குள்ள போயி பூமியத் தூக்கிட்டு வந்தவருதான. அவரு பாத்துக்குவாரு" என்றார். வீடு பற்றி எரியும்போது இவர் ஏன் கடலுக்குப் போகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

உங்கள் அம்மா சொர்ணாம்பாளாவது ஒரு வார்த்தை சொல்வார்களா என்று திரும்பிப் பார்த்தேன். "எங்களுக்கும் ஆசைதாங்க. வயசு இருந்தா நானும் இவரும் கூட டைவர்ஸ் ஆயிருப்போம். இவருக்கு பி.பி. இருக்குது. டாக்டர் கையெழுத்து போட மாட்டேங்குறாரு" என்று வருத்தப்பட்டார்கள். டைவர்ஸுக்கு டாக்டர் எதற்கு என்று கேட்டேன். "பின்ன? நெஞ்சு தாங்கணும்ல" என்றார்கள். அது நியாயமாகத்தான் பட்டது. என் நெஞ்சே தாங்கவில்லை.

மனுஷர்களை நம்பிப் பிரயோஜனமில்லை என்று தெரிந்ததும் நேராக மணவாளநல்லூர் போய்விட்டேன். உங்களுக்கு வழக்கம் தெரியாது, சொல்கிறேன். எங்கள் கொளஞ்சியப்பர் சாமிக்கு வாயால் வேண்டினால் போதாது. போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கிற மாதிரி பெயர், ஊர், குறை எல்லாம் காகிதத்தில் எழுதி, மடித்து, முனியப்பர் சன்னதி வேலில் கட்டிவிட வேண்டும். அதற்குப் பிராது என்று பெயர். தொண்ணூறு நாளைக்குள் சாமி விசாரித்துத் தீர்ப்புச் சொல்லிவிடும். குறை தீர்ந்துவிட்டால் நாமே போய், பிராதை வாபஸ் வாங்குகிறேன் என்று ராஜினாமா எழுதிக் கொடுக்க வேண்டும். நான் எழுதியதைப் படித்த பக்கத்து ஆள் கண் கலங்கிவிட்டார். அவர் கையில் கற்பூரத் தட்டு இருந்தது என்பது வேறு விஷயம். நகல் கீழே:

'கொளஞ்சியப்பர் சாமி சமூகத்துக்கு, விருத்தாசலம் திருமால் பணிந்து கொடுத்த பிராது. எதிரி: கார்முகில் அவர்கள். என் அக்கா மகள் பாரதியும் மேற்படி எதிரி அவர்களும் அந்தமானில் டைவர்ஸ் ஆகாதபடி சாமி தடுத்துக் கொடுக்க வேண்டியது. எதிரி அவர்கள் யார் சொன்னாலும் காதில் வாங்குவதில்லை. ஆகவே சாமி தாங்களே அவர் காதைப் பிடித்து நிறுத்தவும்.'

மாப்பிள்ளை என்பதால் எதிரி என்ற இடத்தில் 'அவர்கள்' போட்டேன். மரியாதையில் நான் குறை வைக்க மாட்டேன்.

ஆகவே மாப்பிள்ளை, இந்தக் கடிதம் கிடைத்ததும் அந்தமான் டிக்கெட்டைக் கிழித்துப் போடவும். அந்தக் கேரளாப் பெண்ணுக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நல்லவிதமாகச் சொல்லி, அவர்கள் விரும்பினால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளட்டும். தீவும் தண்ணீரும்தான் வேண்டும் என்றால் பிச்சாவரத்துக்குப் படகில் கூட்டிப் போகிறேன். தண்ணீர் விஷயத்தில் எனக்குப் பயம் கிடையாது. மணிமுத்தாற்றில் வெள்ளம் வந்த வருஷம் நான் இக்கரையிலிருந்து அக்கரைக்கு நீந்தியதை இன்றைக்கும் பேசுகிறார்கள். பாலத்தின் மேல் நடந்து போனதாகச் சிலர் பேசுகிறார்கள், அது பொறாமை.

இருவரும் ஒரே இலையில் சாப்பிட்டு, ஒரே ரிமோட்டுக்குச் சண்டை போட்டு, பல காலம் பிரியாமல் வாழ வேண்டும் என்று பெரியவனாக இருந்து வாழ்த்துகிறேன். கமலமும் வாழ்த்தச் சொன்னாள். உண்மையில் அவள் ஒன்றும் சொல்லவில்லை, முறைத்தாள். அதை நான் தமிழில் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தூக்கமில்லாமல்,
தாய்மாமன் திருமால்

பின்குறிப்பு: கவரில் பசை தடவும்போது பாரதி வீடியோ காலில் வந்தாள். நான் ஸ்ரீமுஷ்ணம் வந்து போனதை உங்கள் அப்பா சொல்லிவிட்டார் போலிருக்கிறது. அரை மணி நேரம் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு ஒரு படம் காட்டினாள். அதில் முதுகில் சிலிண்டரும் காலில் தவளைக் காலும் மாட்டிக்கொண்டு கடலுக்குள் ஒரு வெள்ளைக்காரர் மீனோடு மீனாகப் போகிறார். அவர்தான் டைவர். ரெண்டு பேர் இருந்தால் டைவர்ஸ். சர்டிபிகேட் அதற்கு. கோர்ட்டு இல்லை, கோர்ஸு. கையால் பேசுவது சைகை. கேரளாப் பெண்ணும் பிரெஞ்சுக்காரரும் தண்ணிக்குள் துணைக்கு வருகிற வாத்தியார்கள். நீங்கள் தண்ணிக்குள் இருந்தது நீச்சல் வகுப்பு. இதெல்லாம் எனக்கு முதலிலேயே தெரியும். உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர் பதறுகிறார்கள் என்று சோதித்துப் பார்த்தேன். ஒருவரும் பதறவில்லை, திருப்தி. நாலு பக்கத்தை நல்ல கையெழுத்தில் எழுதியதை வீணாக்க மனமில்லாததால் அப்படியே அனுப்புகிறேன். டைவர்ஸ் என்று வருகிற இடத்திலெல்லாம் மீனை நினைத்துக்கொண்டு படிக்கவும்.

ஆனால் ஒரு சங்கடம். "ஆனா மாமா, நேத்துலேருந்து அவருக்குத் திடீர்னு காது அடைச்சிக்கிச்சி. காது சரியாகலன்னா கடல்ல எறக்க மாட்டாங்களாம்" என்று பாரதி அழுகிற மாதிரி சொன்னாள். எந்தக் காது என்று கேட்டேன். ரெண்டு காதும் என்றாள். பிராதில் காதைப் பிடிக்கச் சொல்லி எழுதியதை நான் சொல்லவில்லை. நீங்களும் பாரதியிடம் சொல்ல வேண்டாம். சாமிக்கு இந்தக் கடல் டைவர்ஸும் தெரிந்திருக்கிறது, நான்தான் எதைத் தடுக்க வேண்டும் என்று விளக்கமாக எழுதாமல் விட்டுவிட்டேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் மணவாளநல்லூர் போய் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுகிறேன். மத்தியானத்துக்குள் காது திறந்துவிடும், பயப்படாமல் பெட்டியைக் கட்டவும்.

கமலமும் கூட வருகிறாள். பாரதி காட்டிய கடல் படத்தை என் தோளுக்குப் பின்னால் நின்று முழுசாகப் பார்த்தவள், இருபத்தெட்டு வருஷத்தில் பிச்சாவரத்துக்குக் கூட நான் அவளைக் கூட்டிப் போனதில்லை என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். பிறகு தனியாக உட்கார்ந்து ஒரு பிராது எழுதி, நாலாக மடித்து, ஜாக்கெட்டில் வைத்துக்கொண்டாள். என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டேன். "டைவர்ஸ்" என்றாள். எந்த டைவர்ஸ் என்று கேட்டேன்.

"அது சாமிக்குத் தெரியும்" என்கிறாள். சிரித்துக்கொண்டே சொல்கிறாள் மாப்பிள்ளை. அந்தத் தீவில் இன்னும் ரெண்டு பேருக்கு இடம் இருக்கிறதா என்று உடனே விசாரித்து எழுதவும்.